இடது கை என் பொறுப்பு

நேயர்களுக்கு வணக்கம். மனநல வார்டுகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 'சிகிச்சையில் கட்டாயப்படுத்துதல்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வார்டில் அந்தச் சொல்லை நாங்கள் சொன்னதே இல்லை. 'ஆளைப் பிடி', 'ஊசி போடு', 'தனியறையில் விடு', அவ்வளவுதான் எங்கள் பேச்சு. மாத்திரையை விழுங்கினால்தான் வீட்டுக்குப் போன் பேசலாம் என்று மிரட்டுவதும் இதில் சேர்த்தி என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஓர் இரவு, ஒரு பெண் ஜன்னல் கண்ணாடியைக் கையாலேயே உடைத்துவிட்டாள். நான்கு பேர் போய்ப் பிடித்தோம். இடது கை என் பொறுப்பு. கட்டில் சட்டத்தில் துணிப்பட்டையைச் சுற்றி, இரண்டு விரல் நுழைகிற இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டேன். இரத்தம் ஓட வேண்டுமல்லவா, அதற்காக. விதிமுறைப்படி எல்லாம் சரி. ஆறு வாரம் கழித்து, வீட்டுக்குப் புறப்படும் நாளில் அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கட்டியதுகூடப் பெரிதில்லை சிஸ்டர். என் கையை அமுக்கிக்கொண்டே நீங்கள் இரண்டு பேரும் அடுத்த வாரம் யாருக்கு விடுமுறை என்று பேசிக்கொண்டிருந்தீர்கள்" என்றாள்.

எனக்கு முடிச்சு நினைவிருந்தது. அந்தப் பேச்சு நினைவில் இல்லவே இல்லை.

நார்வேயில் 2008-இல் ஹூசும் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும், வார்டுப் பணியாளர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிய 15 கூற்றுகள் கொண்ட ஒரு வினாத்தாளைத் தயாரித்தார்கள். பதில்கள் மூன்று பக்கமாகப் பிரிந்தன. கட்டாயம் நோயாளியைப் புண்படுத்துகிறது என்பது ஒன்று. அது பராமரிப்பு, பாதுகாப்பு என்பது இன்னொன்று. அதுவே சிகிச்சைதான் என்பது மூன்றாவது. என்னைக் கேட்டிருந்தால் மூன்றுக்கும் ஆம் என்றிருப்பேன், அதுவும் ஒரே நாளில். பகலில் ஆள் நிறைய இருக்கும்போது, அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால் அடங்கிவிடுவார் என்று தோன்றும். இரவு இரண்டு மணிக்கு, நாற்பது பேருக்கு இரண்டு பேராக நிற்கும்போது, அதே மனிதரைக் கட்டுவதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். யாருடைய பாதுகாப்பு என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. பயந்த செவிலியரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பயத்துக்குப் 'பராமரிப்பு' என்று பெயர் வைப்பதை ஒப்புக்கொள்ளவும் மாட்டேன்.

இங்கே புஸேன் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. என்னிடம் பயிற்சி பெற்றவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள், பரவாயில்லை. மனநோயாளிகளின் சங்கிலியைக் கழற்றியவர் யார் என்றால் பிரெஞ்சு மருத்துவர் பினெல் என்பார்கள். ஓவியமாகவும் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் 1797-இல் இரும்புச் சங்கிலிகளை எடுக்கச் செய்தவர் மருத்துவரே அல்ல. வார்டு மேற்பார்வையாளர் புஸேன். பினெல் அதற்கு முன்பே வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். புஸேன் தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்தில் கட்டி வந்து அங்கே நோயாளியாகச் சேர்ந்தவர், குணமான பிறகு அங்கேயே வேலைக்குத் தங்கிவிட்டார். நோயாளிகளை அடிக்கக் கூடாது என்று காவலாட்களைக் கட்டுப்படுத்தினார். தேறியவர்களிலிருந்தே பணியாளர்களை எடுத்தார். எனக்குச் சங்கிலியைவிட இதுதான் பெரிது. படுக்கையில் கிடந்தவன் கை, பிடிக்கப் போகும்போது வேறு மாதிரித்தான் பிடிக்கும். சங்கிலிக்குப் பதில் அவர் கொண்டுவந்தது கையைக் கட்டும் சட்டை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதையை முழுதாகச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

நேரம் ஓடிவிட்டது, ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முடிக்கச் சொல்லிக் கை காட்டுகிறார்கள். இங்கிலாந்தில் 31 வார்டுகளில் நடந்த பரிசோதனையைப் பற்றிக் குறிப்பெல்லாம் எடுத்து வந்தேன். மென்மையாகப் பேசுவது, பணியாளரும் நோயாளியும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வது என்று பத்துச் சின்ன ஏற்பாடுகள்தான். கட்டுவது, பூட்டுவது போன்றவை கால் பங்குக்கு மேல் குறைந்தன. அதை விரிவாகச் சொல்ல இப்போது வழியில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. கட்டு அவிழ்த்த மறுநாள், கட்டியவரே போய் அந்த நோயாளியிடம் நேற்று எப்படியிருந்தது என்று கேட்க வேண்டும் என்று எங்கள் வார்டில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். முதல் தடவை நானே போனேன். திட்டப் போகிறார் என்று கதவருகிலேயே நின்றேன். அவர் திட்டவில்லை. "தண்ணீர் கேட்டேன், நான்கு பேர் இருந்தீர்கள்" என்றார். அதற்குப் பிறகு பிடிக்கப் போகிறவர்களில் ஒருவர் கையில் தண்ணீர்க் குவளை இருக்கும். நன்றி, வணக்கம்.