ஆணி அடிக்காத சுவர்

(ஷார்ஜாவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களை ரொம்ப நேரம் காக்க வைக்க மாட்டேன். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு நாலு வார்த்தை பேசுங்கள் என்று கேட்டார்கள். இந்த ஊரில் வாழ்ந்த 22 வருஷத்தை வைத்துத்தான் என்னால் பேச முடியும்.

முதலில், உடனே பயன்படுகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் பிறந்ததும் குளியலறை ஹீட்டரை அணைத்துவிடுங்கள். இங்கே மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் வெயிலில் கொதித்துக் கிடக்கும்; பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை பொறுக்காது. அணைத்துவைத்த ஹீட்டருக்குள் நிற்கிற தண்ணீர் வீட்டுக் குளிர்ச்சியில் ஆறியிருக்கும். கோடை முடிகிறவரை சிவப்புக் குறி போட்ட குழாய்தான் நமக்குக் குளிர்ந்த தண்ணீர். கைக்குழந்தை வைத்திருக்கும் தங்கச்சிகள் இதை மறக்கவே கூடாது. எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் எதிர் ஃபிளாட் மலையாளி சேச்சி. முதல் கோடையில் என் மகள் குளியலறையில் அலறிய அலறலைக் கேட்டுவிட்டு அவரே வந்து கதவைத் தட்டினார்.

இன்னொன்று. ஊரிலிருந்து வரும்போது அம்மா குருமா மசாலா அரைத்துக் கொடுத்தால், கசகசா போட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் கசகசாவுக்குத் தடை இருக்கிறது. என் மாமியார் இரண்டு கிலோ அரைத்து, டப்பாவில் அடைத்து, டேப் எல்லாம் சுற்றி வைத்த பிறகு இது தெரிந்தது. அத்தனையையும் அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, விடிய விடிய மறுபடி வறுத்து அரைத்தார் அத்தை. காலையில் திருச்சியில் விமானம்.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2003-இல் வந்தோம். என் கணவருக்கு துபாயில் வேலை. வாடகை கட்டுப்படியாகும் என்று ஷார்ஜாவில் வீடு. இங்கே பாதிப் பேருக்கு இதுதான் கதை. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால்தான் துபாய்க்குப் போகிற அல் இத்திஹாத் சாலை நெரிசலுக்குத் தப்பலாம். சாயங்காலம் வீடு திரும்ப எட்டு மணி. ஐந்து வருஷம் இருப்போம், கடனை அடைத்து ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவோம் என்பதுதான் எங்கள் கணக்கு. அதனால் எதை வாங்கினாலும் "ஊருக்குப் போனதும் நல்லதாக வாங்கிக்கலாம்" என்போம். சோபா செகண்ட் ஹேண்ட். சாப்பாட்டு மேஜையே கிடையாது. நல்ல தட்டுகள் ஒரு செட் வாங்கினேன், பிரிக்காமலேயே ஊருக்குக் கொண்டுபோய்ப் பரணில் வைத்தேன். சுவரில் ஒரு ஆணி அடிக்கவில்லை. காலி செய்யும்போது துளைக்குத் துளை டெபாசிட்டில் பிடிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

2012-இல் என் மாமனார் காலமானார். அவர் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்தோம். மாட்ட இடம் இல்லை. ஃப்ரிட்ஜ் மேல் சுவரில் சாய்த்து வைத்தோம். அங்கேயே வாரத்துக்கு ஒரு நாள் பூ. என் மகனுக்கு அப்போது நாலு வயது. தாத்தாவை அவனுக்குச் சரியாக நினைவில்லை. "ஃப்ரிட்ஜ் தாத்தா" என்று கூப்பிட ஆரம்பித்தான். பல வருஷம் அப்படியேதான் கூப்பிட்டான். எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. ஆனாலும் ஆணி அடிக்க மனம் வரவில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் கட்டிய வீடு 2011-இல் முடிந்தது. மாடி, போர்ட்டிகோ, தேக்குக் கதவு எல்லாம் வைத்துத்தான் கட்டினோம். சோபாவில் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட லீவு ஜூலை, ஆகஸ்டில். டிக்கெட் விலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். நாலு பேரும் வருஷா வருஷம் போக முடியாது, ஒன்றுவிட்டு ஒரு வருஷம்தான். வீடு முடிந்ததிலிருந்து ஏழு முறை போயிருக்கிறோம், ஒவ்வொரு முறையும் 40 நாள். மொத்தம் 280 நாள். வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டிய வீட்டில் பத்து மாதம்கூடக் குடியிருக்கவில்லை. ஒரு ஆணிகூட அடிக்காத இந்த ஃபிளாட்டில்தான் என் பிள்ளைகள் நடக்கப் பழகினார்கள், பல் விழுந்து முளைத்தார்கள், ஆள் ஆனார்கள். அன்று விளக்கைப் போடாமல் ஹாலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

2013-இல் ஊருக்குப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். இருபது நாள் ஆகியிருக்கும். திண்ணையில் அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆச்சி, நாங்க எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்றான். அத்தையின் கை நின்றது. நான் அவனை அதட்டப் போனேன். அத்தை என்னைக் கையமர்த்திவிட்டு அவனைக் கேட்டார்: "உங்க வீட்ல என்னடா கண்ணு இருக்கு?" அவன் சொல்ல ஆரம்பித்தான். ஜன்னலில் நின்றால் தூரத்தில் விமானம் இறங்கும். லிஃப்டில் ஒன்பது நம்பரை அவன்தான் அமுக்குவான். கீழே குரோசரிக்கு போன் போட்டால் அண்ணன் பால் கொண்டுவருவார். கார் நிறுத்துகிற இடத்தில் மூன்று பூனை, ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கும். அப்புறம் ஃப்ரிட்ஜ் தாத்தா. அத்தை அத்தனையையும் கேட்டார். கடைசியில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். அவன் சொன்னது அத்தனையும் ஒரு ஊரின் அடையாளம் என்று அவருக்கு அன்றே புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் பத்து வருஷம் ஆயிற்று.

இங்கே பிறந்ததால் நம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை வராது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விசா புதுப்பிக்கிறோம், அதுவும் அப்பாவின் வேலையோடு கட்டிய கயிறு. வேலை போனால் குடும்பமே பெட்டி கட்ட வேண்டியதுதான். 2020-இல் நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்தோம்! மகன்களுக்கு 18 ஆனால் விசாவுக்கு என்ன செய்வது என்ற கவலை முன்பு எந்நேரமும் இருந்தது. 2022 அக்டோபரில் விதி மாறி, மணமாகாத மகனை 25 வயது வரை பெற்றோர் விசாவில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபோது எங்கள் தளத்தில் பாயசம் வைத்தோம். ஆகவே, பயப்படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஊரில் ஒரு வீடு வேண்டும், கையில் சேமிப்பு வேண்டும். அதெல்லாம் செய்யுங்கள். அந்தப் பயத்தைப் பிள்ளைகளின் நாட்களுக்கு மேல் போர்த்திவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் மகள் கல்லூரிக்குச் சென்னை போனாள். விடுதியில் எல்லோரும் ஊரைப் பற்றிப் பேசுவார்களாம். இவள் பட்டுக்கோட்டை என்பாள். எந்தத் தெரு, பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படிப் போகணும் என்றால் பதில் தெரியாது. ஒருநாள் போனில் சொன்னாள்: "அம்மா, எனக்கு வழி சொல்லத் தெரிஞ்ச ஒரே ஊர் ஷார்ஜாதான். அதை என் ஊருன்னு சொல்ல விடமாட்டேங்கிறாங்க. நீயும்தானேம்மா விடல?" நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன்.

இந்த வகுப்பை நாங்கள் முன்பு வெள்ளிக்கிழமைகளில் நடத்தினோம். 2022 ஜனவரியில் வார விடுமுறை மாறியதும் சனிக்கிழமைக்கு வந்தோம். பள்ளியில் அரபி கட்டாயம் என்பதால் என் மகன் வலமிருந்து இடமாக எழுதிவிட்டு, இங்கே வந்து இடமிருந்து வலமாக எழுதுவான். இரண்டும் அவன் கைக்குப் பழகிவிட்டன. ஊருக்குத் திரும்பும்போது தேவைப்படும் என்று மட்டும் தமிழைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். லிஃப்டையும் பூனையையும் பற்றி இந்த ஊரிலேயே தமிழில் எழுதட்டும். இன்றைய நாடகத்தில் கிணறு வராது, அப்ரா படகு வரும். பிள்ளைகளே எழுதிக் கொண்டுவந்தார்கள்.

2024 ஏப்ரல் 16 மழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து இந்த நாடு காணாத மழை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மூன்று நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீரும் இல்லை. ஏழாம் மாடியில் ஒரு எகிப்துக் குடும்பம், பன்னிரண்டு வருஷமாக லிஃப்டில் தலையசைப்பதோடு சரி. அந்தப் பாட்டிக்கு இன்சுலின் ஊசி, குளிரில் வைக்க வேண்டிய மருந்து. என் மகனும் அவர்கள் பேரனும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் ஐஸ் வாங்கிவந்தார்கள். குடிதண்ணீர்க் கேன்களைப் படிக்கட்டில் ஆள் மாற்றி ஆள் தூக்கினோம். தளத்துக்குத் தளம் நின்று மூச்சு வாங்கும்போதுதான் பெயர் கேட்டுக்கொண்டோம். மூன்றாம் நாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லோரும் படிக்கட்டில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டோம். நடுவில் அந்தப் பாட்டி.

தண்ணீர் வடிந்த மறுவாரம் நாத்தூரிடம், அதாவது கட்டடக் காவலாளியிடம் போய், சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றேன். டெபாசிட்டைப் பற்றியும் கேட்டேன். "காலி செய்யும்போது சுவர்ப் பட்டி வைத்துத் துளையை அடைத்தால் போச்சு" என்று சொல்லிவிட்டு அவரே டிரில் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். என் கணவர் ஃப்ரிட்ஜ் மேலிருந்து அப்பா படத்தை இறக்கி, சட்டத்தைத் துடைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நாத்தூர் ஒரு துளை போட்டுவிட்டு, ஒன்று போதுமா என்று கேட்டார். மகன் உள்ளே ஓடிப்போய், படிக்கட்டில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து, "இன்னொண்ணு" என்றான்.

சரி, பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள். திரையைத் தூக்குங்கள்.