அலைக்குப் போற பலகை: அடியைக் கேக்க முதல் நிறையைப் பாருங்கோ

வணக்கம் உறவுகளே. இப்ப காலமை ஆறேகால். திருகோணமலை உப்புவெளிக் கரையில நிக்கிறன். பின்னால கேக்கிற சத்தம் கரைவலை இழுக்கிற ஆக்களின்ர சத்தம். அவையள் வலையைக் கரைக்கு எடுக்கும் வரைக்கும் நான் தண்ணிக்குள்ள இறங்க மாட்டன். வலை கிடக்கிற இடத்துக்குள்ள பலகையைக் கொண்டு போறது அவையின்ர ஒரு நாள் உழைப்பில கை வைக்கிற வேலை. எப்பிடியும் அரை மணித்தியாலம் இருக்கு. கனநாளாக் கதைக்க வேணும் எண்டு வைச்சிருந்த ஒரு விஷயத்தை இப்ப கதைப்பம்.

முதல்ல ஒண்டு. நிண்டுகொண்டு துடுப்புப் போடுற ஸ்டாண்ட்-அப் பேடில் போர்ட், எஸ்யூபி எண்டு சொல்லுற சாமானை நான் இந்த வீடியோவில பலகை எண்டுதான் சொல்லப் போறன். போட் எண்டு சொன்னா எங்கட ஊரில எல்லாருக்கும் என்ஜின் போட்தான் ஞாபகம் வரும்.

போன மாசம் மூண்டு தங்கச்சிமார் எனக்கு மெசேஜ் போட்டிருந்தவை. மூண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, அலைக்குப் பழக எத்தனை அடிப் பலகை வாங்க?" நான் திருப்பிக் கேட்டன், உங்கட நிறை எவ்வளவு எண்டு. ரெண்டு பேர் பதிலே போடேல்ல. ஒராள், "ஏன் அக்கா அதைக் கேக்கிறீங்கள்?" எண்டு எழுதினவ. எனக்கு அது மனசுக்குள்ளயே நிண்டுட்டுது. கலியாண வீட்டுக்குப் போனாலும் செத்த வீட்டுக்குப் போனாலும் "என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டாய்" எண்டு கேக்கிற ஊரில வளந்த பிள்ளையள். நிறை எண்ட சொல்லைக் கேட்டாலே சுருங்கிப் போயிடுவினம். தங்கச்சி, நான் கேட்டது அந்தக் கேள்வி இல்லை. அந்த எண் தெரியாமப் பலகை எடுக்கவே ஏலாது. என்ர நிறை 62 கிலோ. என்ர தம்பி 88 கிலோ. இதைச் சொல்லித்தான் நான் மிச்சத்தை விளங்கப்படுத்தப் போறன்.

இஞ்ச பாருங்கோ, பலகையைத் திருப்பிக் காட்டுறன். அடிப்பக்கத்தில இல்லாட்டி வால் பக்கத்தில எழுதியிருக்கும். இந்தச் சிவப்புப் பலகையில 9 அடி 2 அங்குலம், பிறகு 30, பிறகு நாலேகால், பிறகு 120 லீற்றர். நீளம், அங்குலத்தில அகலமும் தடிப்பும், கடைசியாக் கொள்ளளவு. எல்லாரும் முதலாவது எண்ணைத்தான் பாக்கிறவை. நான் உங்களைக் கடைசி எண்ணில இருந்து தொடங்கச் சொல்லுறன்.

ஏன் எண்டா, கடல் தண்ணி ஒரு லீற்றர் கிட்டத்தட்ட ஒரு கிலோ, உப்பு இருக்கிறதால ஒரு சொட்டுக் கூட. அப்ப 120 லீற்றர் பலகையை முழுசாத் தண்ணிக்குள்ள அமத்தினா அது 123 கிலோ வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள பலகையின்ர பாரம் ஒரு 9 கிலோ, நான் 62, நனைஞ்ச உடுப்பு ஒரு ரெண்டு கிலோ. எங்கட பிள்ளையள் கனபேர் முழுக்கை ரீசேட்டும் லெகின்ஸும் போட்டுக்கொண்டுதான் இறங்குறது, அதையும் கணக்கில எடுக்க வேணும். எல்லாத்தையும் கழிச்சா 50 கிலோ மிச்சம் இருக்கு. அந்த மிச்சம்தான் உங்களைத் தண்ணிக்கு மேல ஆடாம வைச்சிருக்கிறது.

இப்ப என்ர முதல் பலகையின்ர கதையைக் கேளுங்கோ. ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகேக்க வித்திட்டுப் போனது. 8 அடி 2 அங்குலம், அகலம் 28, 88 லீற்றர். விலை குறைவு, தூக்கவும் லேசு, வீடியோக்களில பாத்த ஆக்கள் எல்லாம் அப்பிடிச் சின்னப் பலகையில அலையை வெட்டி வெட்டித் திருப்பினவை. நான் அப்ப 66 கிலோ. அதே கணக்கைப் போட்டுப் பாருங்கோ: மிச்சம் 13 கிலோதான். நான் நடுவில எழும்பி நிண்டா ரெண்டு விளிம்பாலயும் தண்ணி மேல ஏறும். துடுப்பை ஒருக்காப் போட்டா ஒரு பக்கம் தாழும், மற்றப் பக்கம் போட்டா மற்றப் பக்கம் தாழும். ரெண்டு மாசம். ஒவ்வொரு காலமையும் வந்தனான். எனக்குச் சமநிலை இல்லை, எனக்கு இது சரிவராது எண்டு முடிவெடுத்துப் பலகையைச் சுவரில சாத்தி வைச்சிட்டன். பிறகு 140 லீற்றர் பலகை ஒண்டு வாடகைக்கு எடுத்து டச் குடாவில நிண்டு பாத்தன். முதல் நாளே இருபது நிமிஷம் விழாம நிண்டனான். கரைக்கு வந்து அழுதிட்டன். அந்த ரெண்டு மாசமும் பிழை என்ர காலில இல்லை, அளவில.

அதால உங்களுக்கு நான் சொல்லுற கணக்கு இது. அலைக்குப் புதுசாப் பழகுற ஆள் எண்டா, உங்கட நிறையை ஒண்டரையாலயும் பெருக்குங்கோ, ரெண்டாலயும் பெருக்குங்கோ. இந்த ரெண்டு விடைக்கும் இடையில வாற லீற்றர்தான் உங்கட பலகை. தட்டையான தண்ணியில ஏற்கெனவே நல்லா நிக்கத் தெரியும் எண்டா ஒண்டரைப் பக்கம் போங்கோ. பலகையைத் தொட்டதே இல்லை எண்டா ரெண்டுக்குக் கிட்ட. நான் 62 கிலோ, அப்ப 93இல இருந்து 124. தம்பிக்கு 132இல இருந்து 176. அந்தா நீலப் பலகை அவன்ர: 10 அடி, அகலம் 32, 165 லீற்றர். அவன் என்ர சிவப்பில ஏறினா நான் அந்த 88 லீற்றரில பட்ட பாடுதான் படுவான். வீட்டில ஒரு பலகையை வாங்கி எல்லாரும் பாவிப்பம் எண்டு யோசிக்கிற ஆக்கள் இதை முதல்ல கதைச்சு முடிவெடுங்கோ.

நல்லா அனுபவம் இருக்கிற ஆக்கள் தங்கட நிறைக்குச் சமனான லீற்றரில கூடப் போவினம். சும்மா நிண்டா அது முழங்கால் வரைக்கும் தாழும். அலை தள்ளத் தொடங்கின பிறகு வேகம்தான் அதை மேல தூக்குறது. அது அவையின்ர பல வருஷப் பழக்கம்.

சரி, அப்ப பெரிசாவே எடுப்பமே எண்டு கேப்பீங்கள். தம்பியின்ர நீலத்தில நான் ஏறினா என்ன நடக்குது தெரியுமா? விழ மாட்டன், அது உண்மை. ஆனா அலையில அதைத் திருப்ப என்னால ஏலாது. காலால ஒரு பக்கம் அமத்தினா பலகை சாய வேணும், அப்பதான் திரும்பும். அது என்ர பாரத்துக்கு அசையாது. கச்சான் காத்து அடிச்சா கரையில தூக்கிக்கொண்டு நடக்கவே பாய் விரிச்ச மாதிரி இழுக்கும். அலை உடையிற இடத்தில கைவிட்டுப் போனா, அந்தப் பாரம் ஆருக்காவது அடிக்கும்.

அகலம். இதில ஒவ்வொரு அங்குலமும் காலுக்குத் தெரியும். புது ஆக்களுக்கு 30இல இருந்து 32 வரைக்கும் நல்லம், பெரிய உடம்பு எண்டா 33. கட்டையான ஆக்கள் 34 எடுக்காதேங்கோ. கை எட்டாது. துடுப்பு நேராத் தண்ணிக்குள்ள இறங்காமச் சரிஞ்சு இறங்கும், பலகை நேராப் போகாம வளைஞ்சு வளைஞ்சு போகும். நடுவில இருக்கிற கைபிடியில கையை வைச்சு, கமக்கட்டுக்குள்ள அணைச்சுத் தூக்கிப் பாருங்கோ. கை எட்டேல்லை எண்டா அது உங்களுக்கு அகலம் கூடின பலகை.

நீளம் ஒன்பதில இருந்து பத்தரை அடி. நீளமான பலகை வழுக்கிக்கொண்டு போகும், அலையை நேரத்தோட பிடிக்கும். கட்டையானது லேசாத் திரும்பும். ஆனா பதினொண்டு, பன்னிரண்டரை அடியில வாறதெல்லாம் தூரம் போறதுக்குச் செய்தது. அதின்ர மூக்கு தட்டையா இருக்கும். எங்கட உப்புவெளியில மழைக் காலம் கிட்ட வாற அலை கரைக்குக் கிட்டவந்துதான் நட்டுக்கு நிண்டு உடையும். தட்டை மூக்கு நேராத் தண்ணிக்குள்ள குத்தும், நீங்கள் முன்னால பறப்பீங்கள். அலைக்கு எடுக்கிற பலகையைப் பக்கவாட்டில படுத்துப் பாருங்கோ, மூக்கு வடிவா மேல வளைஞ்சிருக்க வேணும். [பலகையைச் சரித்துக் காட்டுகிறார்] இந்தா, இவ்வளவு.

ஒரு விஷயம் எனக்குச் சரியான கவலை. வளருற பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டை எடுக்கேக்க ஒரு அளவு பெரிசா எடுப்பம், வளந்தா அளவாகும் எண்டு. பலகையில எங்கட ஆக்கள் அதைத் திருப்பிச் செய்யினம். ஒரு அளவு சின்னனா எடுக்கினம், பழகினாச் சரியாகும் எண்டு. ஆனா நிக்கவே ஏலாத பலகையில பழகவே மாட்டீங்கள். என்ர அம்மப்பா தெப்பம் வைச்சிருந்தவர். "பாரம் கூடினா மரம் கூட்டிக் கட்டு" எண்டுவார். இந்த விளையாட்டை 2000ஆம் ஆண்டளவில ஹவாயில லெயர்ட் ஹமில்டன், டேவ் கலாமா போல ஆக்கள் உலகத்துக்குப் பிரபலமாக்கினவை. ஆனா நிண்டுகொண்டு துடுப்புப் போடுற ஆக்களை நான் சின்னனில இருந்தே இந்தக் கரையில பாத்திருக்கிறன். அதால இது எங்களுக்கு அந்நியமான சாமான் எண்டு எனக்கு ஒருநாளும் தோன்றினதில்லை.

காத்தடிக்கிற பலகையைப் பற்றியும் கேட்டிருந்தீங்கள். பழக நல்லம். மடிச்சுப் பையில போட்டுப் பஸ்ஸில கொண்டு போகலாம், விழுந்தாலும் அடி குறைவு. ஆனா அது வழமையா 6 அங்குலத் தடிப்பு. விளிம்பு உருண்டையா இருக்கிறதால அலையைப் பிடிச்சு வெட்டாது. காத்தைக் குறைவா அடிச்சா நடுவில தொய்யும். 12இல இருந்து 15 பிஎஸ்ஐ அழுத்தம் கேக்கும், வால்வுக்குப் பக்கத்தில எழுதியிருக்கும், கடைசிப் பாதிக்குத்தான் கை நோகும், விட்டிடாதேங்கோ. பிறகு மணலில வெயிலுக்குள்ள விட்டிட்டுச் சாப்பிடப் போகாதேங்கோ. உள்ளுக்குள்ள காத்துச் சூடாகிப் பொருத்துப் பிரிஞ்சிடும். முழங்கால் உயர அலைக்கு அது காணும். அதுக்கு மேல எண்டா கட்டிப் பலகைதான்.

எடுத்த பலகை சரியோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? அலைக்குக் கொண்டு போகாதேங்கோ. டச் குடாவில இல்லாட்டி மார்பிள் பீச்சில, காத்து எழும்ப முதல், தட்டைத் தண்ணியில ஏறி நடுவில நில்லுங்கோ. நிண்டபடி கீழ பாருங்கோ. விளிம்பால தண்ணி மேல வந்தாச் சின்னன். பத்து நிமிஷம் நிண்டு, ஒரு காலைப் பின்னுக்கு வைச்சுப் பலகையைத் திருப்பிப் பாருங்கோ. மூக்குக் கொஞ்சம் எழும்பித் திரும்பினா உங்களுக்கு அளவான பலகை. எவ்வளவு அமத்தியும் அசையேல்லை எண்டாப் பெரிசு. வாங்க முதல் வாடகைக்கு எடுத்து இதைச் செய்யுங்கோ. ரெண்டு மூண்டு அளவில நிண்டு பாருங்கோ. அந்தச் செலவு வீண் இல்லை.

துடுப்பு: அலைக்கு உங்கட உயரத்தை விட 10இல இருந்து 15 சென்ரிமீற்றர் கூட இருந்தாக் காணும். தட்டைத் தண்ணிக்கு ஒரு சாண் வேணும். அலையில குனிஞ்சு நிக்கிறதால கட்டையா வைக்கிறது. லீஷ், காலில கட்டுற கயிறு, பலகையின்ர நீளத்துக்குச் சமனா இருக்க வேணும். சுருள் கயிறு அலைக்கு வேண்டாம், திருப்பி உங்கட முகத்துக்குத்தான் பலகையைக் கொண்டு வரும். இதையும் யோசிச்சுப் பாருங்கோ: பத்தடிப் பலகை, பத்தடிக் கயிறு. நீங்கள் விழுந்தா இருபது அடிக்குப் பின்னால நிக்கிற பிள்ளைக்கும் அது படும். ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் குளிக்கிற இடத்தில இந்தப் பலகையோட அலை எடுக்காதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்.

காத்தையும் சொல்லாம விட ஏலாது. வைகாசியில இருந்து கச்சான் கரையில இருந்து கடலுக்குத்தான் அடிக்கும். கடல் குளம் மாதிரி இருக்கும், ஆசையா இருக்கும். நிலாவெளியில நிண்டு பாத்தா புறாமலைத் தீவு கைக்கெட்டின தூரம், ஒரு கிலோமீற்றர்தான். போகேக்க காத்துத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரேக்க நிண்ட உடம்பே பாயாகிடும். அப்பிடி மாட்டினா முழங்காலில இருங்கோ, இல்லாட்டிப் படுத்துக் கையால வலியுங்கோ. உடம்பு தாழ்ந்தா காத்துப் பிடிக்காது. புறாமலை 2003இல இருந்து தேசியப் பூங்கா. அங்க முருகைக்கல் மேலோட்டமா இருக்கு, பலகைக்கு அடியில இருக்கிற செட்டை அதை உடைக்கும். அதுக்குப் போக வேணும் எண்டா அனுமதி எடுத்துப் போட்டில போங்கோ.

வாடை தொடங்கினா இஞ்ச அலை பெருக்கும். அப்ப புது ஆக்கள் இறங்க வேண்டாம். இப்ப புரட்டாதி, இந்த இடைக் காலத்தில வாற சின்ன அலைதான் பழகத் தோது. அறுகம்பே போறதெண்டா சின்ன அலை வாற பேபி பொயின்ற்றில தொடங்குங்கோ, பெரிய அலை வாற மெயின் பொயின்ற் வேண்டாம். அங்க போனா இன்னொண்டு: நீங்கள் நிண்டுகொண்டு இருக்கிறதால அலை வாறது உங்களுக்குத்தான் முதல் தெரியும், படுத்துக் கிடக்கிற ஆக்களுக்குப் பிறகுதான். அதுக்காக எல்லா அலையையும் நீங்களே எடுக்கக் கூடாது.

[திரும்பிப் பார்க்கிறார்] ஆ, வலை கரைக்கு வந்திட்டுது. கீரியும் சாளையும் மின்னுது பாருங்கோ. தம்பி நீலத்தைத் தூக்கிட்டான்.

அந்த மூண்டாவது தங்கச்சிக்கு: நீங்கள் பதில் எழுதினா, எண்ணை மட்டும் எழுதுங்கோ, வேற ஒண்டும் வேண்டாம். நான் லீற்றரைச் சொல்லுறன். பலகை வாடகைக்குக் குடுக்கிறவரிட்ட அந்த அளவு இல்லாட்டி, இந்தச் சிவப்பை உங்களுக்கு ஒரு காலமை தாறன். உப்புவெளிக்கு வாங்கோ, நான் தண்ணிக்குள்ள பலகையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். நீங்கள் ஏறுங்கோ.

சரி, கமராவை மண்ணில வைக்கிறன். இறங்கப் போறம்.