பத்து செஷனுக்கு முன்பணம் கட்டாதீங்க: துக்கத்துக்கு தெரபி தேடுறவங்களுக்காக ஒரு வீடியோ

வணக்கம் மக்களே. அதே ஜன்னலோர நாற்காலி, கையில அதே பச்சை அட்டை நோட்டு. துக்க வீட்டுல என்ன பேசலாம், என்ன பேசக் கூடாதுன்னு போன வீடியோ போட்டோம்ல, அதுக்குக் கீழ பாதிப் பேர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தீங்க. "தெரபிக்குப் போலாம்னு இருக்கோம், யார்கிட்ட போறது, எவ்வளவு ஆகும்?" அதுக்குத்தான் குறிப்பு எடுத்துட்டு இருந்தேன். அதுக்குள்ள ஒருத்தங்க ஒரு விளம்பரத்தைப் படம் எடுத்து அனுப்பி, இதுல சேரலாமான்னு கேட்டிருக்காங்க. அதைப் பாத்ததுல இருந்து எனக்கு மனசே ஆறல. முதல்ல அதைப் பேசிடுறேன்.

விளம்பரம் இதுதான். துக்கத்துக்கான கவுன்சிலிங், 10 செஷன், மொத்தம் 15,000 ரூபாய், மொத்தத்தையும் முதல்லயே கட்டணும். பணம் திரும்ப வராது. 60 நாளுக்குள்ள முடிச்சிடணும். தனித்தனியா போனா ஒரு செஷன் 1,800, அதனால 3,000 லாபமாம்.

இப்ப நோட்டுல எழுதிப் பாருங்க. வாரம் ஒரு செஷன்னு வைங்க. முதல் செஷனுக்கும் பத்தாவது செஷனுக்கும் நடுவுல 9 வாரம் வருது. 9 தடவை 7, 63 நாள். ஒரு வாரம்கூட விடாம போனாலும் 60 நாளுக்குள்ள முடியவே முடியாது! இதுல வீட்டுல காரியம் இருக்கும், ஊருக்குப் போக வேண்டியிருக்கும், திதி வரும். சில நாள் படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே முடியாது. துக்கத்துல இருக்கிறவங்க செஷனை விடத்தான் செய்வாங்க, அதுதான் இயல்பு. அதைத் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டியவங்களே நாள் கெடு வெக்கிறாங்கன்னா என்ன சொல்றது?

இருங்க, இன்னும் முடியல. ஆறு செஷன்ல "இவங்க எனக்கு ஒத்து வரல"ன்னு நின்னுட்டீங்கன்னா, தனித்தனியா கட்டியிருந்தா 10,800 தான் ஆகியிருக்கும். பேக்கேஜ்ல 15,000 போயிடுச்சு. 4,200 நஷ்டம். ஒன்பதாவது செஷனுக்குப் போனாத்தான் உங்களுக்கு லாபமே ஆரம்பிக்குது. கட்டின காசுக்காகவாவது போவோம்னு பிடிக்காதவங்க முன்னாடி உக்காந்து அழறது எவ்வளவு பெரிய கொடுமை. அதனால செஷனுக்கு செஷன் பணம் வாங்குறவங்ககிட்ட போங்க. வர முடியலன்னா எத்தனை மணி நேரம் முன்னாடி சொல்லணும், சொல்லாம விட்டா முழுப் பணமா பாதியான்னு முதல் போன்லயே கேளுங்க. 24 மணி நேரம் கேக்கிறது நியாயம்தான். சாவு, ஆஸ்பத்திரின்னா விலக்கு உண்டான்னும் கேட்டுக்கோங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். துக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரபி தேவையில்லை. இதை அழுத்தமாச் சொல்றேன், ஏன்னா விக்கிறவங்க சொல்ல மாட்டாங்க. இயற்கையா நடந்த சாவுகள்ல, உறவைப் பறிகொடுத்தவங்கள்ல சுமார் பத்துல ஒருத்தருக்குத்தான் துக்கம் நகராம அப்படியே உறைஞ்சு நிக்குதுன்னு 2017ல பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்துச் சொன்னாங்க. திடீர்ச் சாவு, விபத்து, தற்கொலை, பிள்ளையைப் பறிகொடுத்தது, இதுலெல்லாம் அந்த ஆபத்து கூடுதல். மத்தவங்களுக்கு சொந்தபந்தம், அவங்கவங்க சடங்கு, காலம், இதுவே தாங்கிடும்.

உறைஞ்சு போறதுக்கு இப்ப மருத்துவத்துல பேரே இருக்கு, நீடித்த துக்கக் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு. அதுல குறைஞ்சது 6 மாசம்னு இருக்கு. அதே 2022 மார்ச்ல அமெரிக்க மனநல மருத்துவர்கள் திருத்தின கையேட்டுல பெரியவங்களுக்கு 12 மாசம், குழந்தைங்களுக்கு 6 மாசம். நாள் கணக்கு மட்டும் பத்தாது. அனேகமா தினமும் அந்த ஏக்கம், இல்லன்னா அந்த நினைப்பே ஆக்கிரமிச்சுக்கிறது. இறந்துட்டாங்கன்னே மனசு ஒத்துக்காதது. அவங்க துணிமணி, அவங்க போன கடை, அந்த ஆஸ்பத்திரி ரோடு எல்லாத்தையும் சுத்திக்கிட்டுப் போறது. என்னில ஒரு பாதி செத்துப்போச்சுங்கிற உணர்வு. வேலை, சமையல், பிள்ளைங்க எதுவும் ஓடாதது. "பதினாறாம் நாள் முடிஞ்சிருச்சு, இன்னும் என்ன அழுகை"ன்னு கேக்கிற சொந்தக்காரங்களுக்கு இந்த மாசக் கணக்கைச் சொல்லுங்க. நம்ம ஊர்ல பதினாறு வரைக்கும் வீடு நிறைய ஆளு. பதினேழாம் நாள் பந்தலைப் பிரிச்சு, வாடகை நாற்காலியைத் திருப்பி அனுப்பினதுக்கு அப்புறம்தான் தனிமையே ஆரம்பிக்குது. நிறைய பேர் உதவி தேடுறது அதுக்கு அப்புறம்தான்.

ஐயோ, இதை முதல்லயே சொல்லியிருக்கணும். நானும் அவங்ககூடவே போயிடணும்னு தோணுதுன்னா ஆறு மாசமெல்லாம் காத்திருக்காதீங்க. 14416, டெலிமானஸ்ங்கிற மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். 2022 அக்டோபர் 10ல மத்திய அரசு தொடங்கினது. பல நாளா தூக்கமே இல்ல, சாப்பாடு இறங்கலன்னா மாவட்டத் தலைமை மருத்துவமனையோட மனநலப் பிரிவுக்குப் போங்க.

இப்ப ஆளைத் தேடுறது. மருந்து எழுதுறவங்க மனநல மருத்துவர், எம்பிபிஎஸ் முடிச்சு மேல படிச்சவங்க. கிளினிகல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு இருக்கணும். பதிவு எண்ணைக் கேட்டு அவங்க இணையதளத்துலயே சரிபாக்கலாம். கேட்டா கோவிச்சுக்கிறவங்களை விட்டுடுங்க. கவுன்சிலர்னு மட்டும் போட்டிருந்தா, என்ன படிப்பு, எங்க பயிற்சி, யார் மேற்பார்வையில வேலை பாக்குறீங்கன்னு கேளுங்க. நல்ல கவுன்சிலர்கள் நிறைய பேர் இருக்காங்க, ஆனா பலகையை மட்டும் பாத்து நம்ப முடியாது.

முதல் போன்ல ஒரு கேள்வியை விட்டுடாதீங்க. "துக்கத்துக்குன்னு தனியாப் பயிற்சி எடுத்திருக்கீங்களா, என்ன முறையில பண்ணுவீங்க?" பதில்ல துக்கத்துக்கு ஐந்து கட்டம் இருக்கு, மறுப்பு, கோபம், பேரம்னு ஏணிப்படி மாதிரி அடுக்குனா எனக்கு சுத்தமாப் பிடிக்காது. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969ல அதை எழுதினது சாகப்போற நோயாளிங்ககிட்ட பேசி. உயிரோட இருந்து தவிக்கிறவங்க படிப்படியா ஏறி முடிக்கிற பாடத்திட்டம் இல்ல அது. "நீங்க இன்னும் கோபக் கட்டத்துக்கே வரலையே"ன்னு ஒருத்தர்கிட்ட சொன்னா, தன் துக்கத்துலயும் ஃபெயில் ஆயிட்டோம்னு அவங்க நினைப்பாங்க.

எனக்குப் பிடிச்சது, 1999ல ஸ்ட்ரோபே, ஷூட்னு ரெண்டு துக்க ஆய்வாளர்கள் சொன்ன ஊசலாட்டம். ஒரு நேரம் இழப்புப் பக்கம், ஒரு நேரம் வாழ்க்கைப் பக்கம், மாறி மாறிப் போறதுதான் ஆரோக்கியம். அதனால நல்ல தெரபிஸ்ட் அழ மட்டும் வெக்க மாட்டாங்க. வாரிசு சான்றிதழுக்கு எழுதிப் போட்டீங்களா, கேஸ் கனெக்‌ஷன் பேர் மாத்தியாச்சா, பேங்க் நாமினி என்னாச்சுன்னும் கேப்பாங்க. ஒரு கையெழுத்து போட முடியாம மூணு மாசம் அந்த ஃபைல் அலமாரியில கிடக்குதுன்னா, அதுவும் தெரபிக்குள்ள வர்ற விஷயம்தான்.

உறைஞ்ச துக்கத்துக்குன்னே அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கின முறை ஒண்ணு இருக்கு, 16 செஷன், வாரம் ஒண்ணு. 2005ல வந்த ஆய்வுல இந்த முறையில 51 சதவீதம் பேருக்குப் பலன், ஒப்பிட்டுப் பாத்த இன்னொரு தெரபியில 28 சதவீதம். இதுல தினமும் ஒரு டைரி எழுதணும். இன்னைக்கு துக்கம் ரொம்பக் குறைவா இருந்தது எப்போ, ரொம்ப அதிகமா இருந்தது எப்போ, பத்துக்கு எத்தனை, அப்போ என்ன நடந்துச்சு. நாலு கோடு போதும். ஒரு வாரம் எழுதினாலே "எந்நேரமும் பத்து"ன்னு நினைச்சது அப்படி இல்லன்னு தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு, இறந்துபோன கணவர் வண்டிச் சத்தம் வழக்கமா கேட்ட நேரத்துல ஏறுது, பக்கத்து வீட்டுக் குழந்தை வந்தா இறங்குது. மூணாவது செஷன்ல நெருங்கின ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொல்வாங்க. வீட்டுல என்ன உதவி வேணும்னு அவங்களுக்கும் புரியணும்ல.

நாலாவது செஷன் வாக்குலதான் கஷ்டமான வேலை. கண்ணை மூடி, சாவுச் செய்தி தெரிஞ்ச அந்த நேரத்தைச் சொல்லணும், சுமார் பத்து நிமிஷம். அதைப் பதிவு பண்ணிக் கொடுப்பாங்க, வீட்டுல தினமும் கேக்கணும். ஏன்னா, அந்த நினைவை விட்டு ஓட ஓடத்தான் அது துரத்துது. திரும்பத் திரும்பத் தொட்டா இது நடந்து முடிஞ்ச விஷயம்னு மனசு மெதுவா எடுத்துக்குது. தப்பு நடக்கிறதும் இங்கதான். பயிற்சி இல்லாதவங்க முதல் செஷன்லயே இதை ஆரம்பிச்சுடுவாங்க. இல்லன்னா செஷன் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஆரம்பிச்சு, பொங்கி வந்ததும் நேரம் ஆயிடுச்சுன்னு அனுப்பிடுவாங்க. அப்படிச் செய்யவே கூடாது. சொன்னதுக்கு அப்புறம் அந்த நினைவை மூடி எடுத்து வெக்கிறதுக்கு நேரம் வேணும். வீட்டுக்குப் போய் மனசுக்கு இதமா என்ன செய்யப் போறீங்கன்னு பேசி வெச்சுட்டுத்தான் எழுந்திரிக்கணும். அன்னைக்கு நீங்களே வண்டி ஓட்டிட்டுப் போகாதீங்க.

பத்து செஷனுக்கு மேல, இறந்தவங்ககிட்டயே கற்பனையில பேசுற ஒரு பகுதி வரும். நீங்க கேக்க நினைச்சதைக் கேக்கணும், அவங்க குரல்லயும் நீங்களே பதில் சொல்லணும். நம்ம பாட்டிமார் ஒப்பாரியில செத்தவங்களையே கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்கல்ல, அதைத் தெரிஞ்சவங்களுக்கு இது அந்நியமாவே இருக்காது.

அட, மருந்தை விட்டுட்டேன். 2016ல ஷியர் குழுவே 395 பேர்கிட்ட பண்ணின ஆய்வு இருக்கு. இந்த தெரபியோட சிட்டலோபிராம்ங்கிற மனச்சோர்வு மாத்திரையைச் சேத்துக் கொடுத்தப்போ, கூட இருந்த மனச்சோர்வு இன்னும் குறைஞ்சுது, துக்கத்துல பெருசா வித்தியாசம் வரல. அதனால மாத்திரை மட்டும் போதும்னு நினைக்காதீங்க. ஏற்கெனவே சாப்பிடுறதை நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க.

மொழி ரொம்ப முக்கியம். நெஞ்சை அடைக்குது, வயிறு பத்தி எரியுது, இதை இங்கிலீஷ்ல சொல்லச் சொன்னா பாதி அழுகை தொண்டையிலயே நின்னுடும். தமிழ்லயே முழு செஷனும் போகுமான்னு கேளுங்க. அப்புறம் நாள் விஷயம். நமக்கு வருஷத்துக்கு ரெண்டு நாள் அடிக்கும், இறந்த இங்கிலீஷ் தேதி ஒண்ணு, திதி ஒண்ணு. அனேகமா ரெண்டும் ஒரே நாள்ல வராது. பிறந்த நாள், கல்யாண நாள், கொண்டாடாம விடுற முதல் பொங்கல், எல்லாத்தையும் முதல் செஷன்லயே தெரபிஸ்ட் காலண்டர்ல குறிச்சுக் கொடுங்க. அந்த நாளுக்கு முந்தின வாரம் ஒரு செஷன் கட்டாயம் இருக்கணும்.

ஆன்லைன்ல எடுக்கிறவங்க, கதவு சாத்துற இடம் வேணும், காதுல ஹெட்போன் வேணும். அப்புறம் அந்தப் பதிவு! செஷன்ல பதிவு பண்ணின ஆடியோவை குடும்பத்துல எல்லாரும் பாக்கிற கூகுள் கணக்குல சேமிக்காதீங்க. கார்ல ஏறினதும் ப்ளூடூத்ல தானா ஓட ஆரம்பிச்சா, பின் சீட்டுல பிள்ளைங்க இருப்பாங்க. தனி ஃபோல்டர்ல போட்டு பூட்டு வைங்க, கேக்கிறப்போ ப்ளூடூத்தை அணைச்சுடுங்க. உங்க ஊர்ல தமிழ்ல, துக்கத்துக்குப் பயிற்சி எடுத்தவங்க இருந்தா ஊர் பேரையும் கட்டணத்தையும் கீழ எழுதுங்க. பேக்கேஜ் கேட்டாங்களா இல்லையான்னும் சேத்து எழுதுங்க.