இந்தக் காற்றுக்கு எந்த ஜெட்?

எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் 19 வருடமாக பைக் கராஜ் நடத்திக்கொண்டிருக்கிறேன். இன்று காபரேட்டர் ஜெட் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். காற்றோடு பெற்றோலைக் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது காபரேட்டர், அதற்குள் பெற்றோல் பாய்கிற ஓட்டையுள்ள சின்னப் பித்தளைத் துண்டுதான் ஜெட். கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனபோதோ ஒன்லைனிலோ ஒரு ஜெட் கிட் வாங்கி, யாரோ சொன்ன எண்ணை மாட்டிவிட்டு, "மேடு ஏறவே மாட்டேங்குது" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை.

போன மாதம் லிந்துலையிலிருந்து ஒரு தம்பி வந்தார். 150 சிசி பைக். உள்ளே இருந்தது 100 எண் மெயின் ஜெட் (முழுசாகத் திருகும்போது பெற்றோல் கொடுக்கிற பெரிய ஜெட்), அவர் மாட்டியது 110. "அண்ணே, பெரிய ஜெட் போட்டா பவர் கூடும்னாங்க. நானுஓயா மேட்டுல மூணாவது கியர்லயே திணறுது" என்றார். பிளக்கைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். குப்பி லாம்புக் கரி மாதிரி கறுப்பு, விரலால் தொட்டால் அப்படியே ஒட்டுகிறது. வண்டி பட்டினியால் திணறவில்லை, பெற்றோல் கூடிப்போய் மூச்சு முட்டித் திணறுகிறது.

ஏன் அப்படி? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கரையோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். குளிர் காற்று கொஞ்சம் அடர்த்தி என்பதால் சற்று ஈடாகும், அதையும் சேர்த்துப் பார்த்தாலும் கொழும்புக் காற்றை விட ஆறில் ஒரு பங்கு மெலிசான காற்றைத்தான் எஞ்சின் இழுக்கிறது. ஆனால் ஜெட்டின் ஓட்டை அதே ஓட்டைதானே. பெற்றோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. தண்ணி குறைந்த கோப்பையில் அதே கரண்டிச் சீனியைப் போட்டால் தேத்தண்ணி எப்படித் திகட்டுமோ, அப்படி. நீங்கள் எதையும் தொடாமலே, கொழும்புக்குச் சரியாக இருந்த கலவை நுவரெலியாவில் கிட்டத்தட்ட 9 வீதம் கூடுதல் பெற்றோலோடு ஓடுகிறது. அதற்கு மேல் ஒரு பெரிய ஜெட்டையும் போட்டால் என்ன ஆகும் என்று அந்தத் தம்பிக்கு இப்போது தெரியும்.

ஜெட்டில் பொறித்திருக்கிற எண்ணைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கெய்ஹின், மிகுனி இரண்டும் காபரேட்டர் கம்பனிகள். கெய்ஹின் ஜெட்டில் 100 என்றால் ஓட்டையின் விட்டம் ஒரு மில்லிமீற்றர். மிகுனியின் அறுகோணத் தலை மெயின் ஜெட்டில் அந்த எண் விட்டத்தைக் குறிப்பதில்லை, எவ்வளவு பெற்றோல் பாய்கிறது என்பதைக் குறிக்கிறது. இரண்டிலும் 100 என்று இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஆகவே கடையில் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள், பழைய ஜெட்டைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். அப்புறம், விட்டம் கொஞ்சம் மாறினாலும் ஓட்டையின் பரப்பு நிறைய மாறும். 100லிருந்து 110க்குப் போனால் பரப்பு 21 வீதம் கூடுகிறது. 100லிருந்து 95க்கு இறங்கினால் ஏறக்குறைய 10 வீதம் குறைகிறது. கம்பனி ஜெட் 100 என்றால், நுவரெலியாவிலேயே ஓடுகிற வண்டிக்கு அந்த 95 அளவுதான் கணக்குக்கு வருகிறது. ஹட்டன், பண்டாரவளை உயரத்துக்கு ஒரு படி, அதாவது 97.5 போதும். இன்னும் கீழே இருக்கிற பதுளை டவுனில் ஓடுகிறவர்கள் கம்பனி ஜெட்டைத் தொடவே வேண்டாம் என்பேன்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். எந்த ஜெட்டைப் போட்டாலும் இல்லாத காற்றை அது கொண்டு வராது. கொழும்பில் கிடைக்கிற இழுவை இங்கே கிடைக்காது. சரியான ஜெட் செய்வது, இருக்கிற காற்றுக்கு ஏற்ற பெற்றோலைக் கொடுப்பது, அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி: கரி பிடிக்காது, பிளக் செத்துப் போகாது, லீற்றருக்கு ஓடுகிற தூரமும் கூடும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கிய நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஜெட்டை மாற்ற முன் வேறு வேலை இருக்கிறது. தோட்டத்து ரோட்டுத் தூசியில் எயார் ஃபில்டர் அடைத்திருந்தாலும் வண்டி கரிதான் தள்ளும், அதற்கு ஜெட் என்ன செய்யும்? ஃபில்டர், டெப்பட் (வால்வு இடைவெளி), காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பரில் வெடிப்பு, காபரேட்டருக்குள் பெற்றோல் மட்டத்தைக் காக்கிற மிதவையின் உயரம், இதையெல்லாம் பார்த்த பிறகுதான் கிட் பெட்டியைத் திறக்க வேண்டும். மிதவை உயரத்தைப் பார்க்காமல் ஜெட் மாற்றுகிறவர்கள் அதிகம், எனக்கு இது பெரிய குறை.

சரி, எந்தப் பகுதியில் கோளாறு? எக்ஸிலேட்டர் கைப்பிடியில் ஒரு சின்ன டேப் துண்டை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். கால் வரை பெரும்பாலும் பைலட் ஜெட் என்கிற சின்ன ஜெட்டின் வேலை, காலிலிருந்து முக்கால் வரை ஜெட்டுக்கு மேலே ஏறி இறங்குகிற நீடில் என்கிற ஊசி, முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். நம் ரோட்டில் நாளில் எத்தனை நிமிடம் முழுசாகத் திருகி ஓட்டுகிறோம்? வளைவுக்கு வளைவு கால், அரை, கால், அரை. அதனால்தான் சொல்கிறேன், மெயின் ஜெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், நமக்கு நீடிலும் பைலட்டும்தான் முக்கியம். நீடிலின் தலையில் காடிகள் இருக்கும், கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் நீடில் கீழே இறங்கும், பெற்றோல் குறையும். அரைத் திருகலில் கரி தள்ளுகிற வண்டிக்கு ஒரு காடி ஏற்றிப் பாருங்கள், செலவே இல்லை. சில வண்டிகளில் காடி இருக்காது, அங்கே மெல்லிய வாஷரை எடுப்பதும் வைப்பதும்தான் வழி.

காபரேட்டரில் கலவையைச் சரிபண்ணுகிற சின்ன ஸ்குரூவில் பலர் தடுமாறுகிறார்கள். அது ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று ஸ்குரூ, உள்ளே திருகினால் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெற்றோல் ஸ்குரூ, உள்ளே திருகினால் குறையும். இடம் பார்க்காமல் திருகினால் நேர் எதிராகப் போய்விடும்.

பைலட் ஜெட் என்றதும் 2022 ஞாபகம் வருகிறது. பெற்றோல் கிடைக்காமல் வாரக்கணக்கில் லயத்துத் தாழ்வாரத்தில் நின்ற வண்டிகள், பழைய பெற்றோல் காய்ந்து பைலட் ஜெட் அடைத்துப் போய் வரிசையாக வந்தன. நிறையப் பேர் பிரேக் கேபிள் கம்பியின் ஓர் இழையை விட்டுக் குத்தியிருந்தார்கள். பைலட் ஜெட் 38 என்றால் ஓட்டை 0.38 மில்லிமீற்றர். கம்பி உரசி அது 0.40 ஆனால் பரப்பு 11 வீதம் கூடிப்போச்சு, மேலே எழுதியிருக்கிற எண் மட்டும் 38தான். பித்தளை மென்மையானது, தயவுசெய்து கம்பி விடாதீர்கள். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள், பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வட்டமாக ஓர் ஊசிப் புள்ளி தெரிய வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். நல்லா சூடான எஞ்சினில், ஒரே மேட்டில், அதே கியரில் ஏறிப் பாருங்கள். சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் கலவையில் பெற்றோல் கூடும், அப்போது வண்டி உற்சாகமானால் பெற்றோல் போதவில்லை, இன்னும் மோசமானால் ஏற்கனவே கூடுதல். ரம்பொடை இறக்கத்தில் எக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தால் பைலட்டில் பெற்றோல் குறைவாக இருக்கலாம், அல்லது சைலன்சர் இணைப்பில் காற்று கசியலாம்.

இப்போது நான் மிகவும் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் நுவரெலியாவுக்கென்று இரண்டு படி இறக்கிக் கொடுத்த ஒரு வண்டி, கினிகத்தேனை இறங்கி அவிசாவளை தாண்டி, சமதரையில் முழுத் திருகலில் கொழும்புக்குப் போனது. திரும்பி வந்தபோது பிளக் சுண்ணாம்பு வெள்ளை, சைலன்சர் வளைவு நீலமாகியிருந்தது. கீழே காற்று அடர்த்தியாகிறது, சின்ன ஜெட்டில் பெற்றோல் போதாது, எஞ்சின் கொதிக்கிறது, இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்திருக்கும். அதை அவரிடம் முன்பே சொல்லாதது என் தவறு.

ஆகவே அடிக்கடி கீழே போகிறவர்களுக்கு இப்போதெல்லாம் மெயினை நான் தொடுவதில்லை, கம்பனி எண்ணிலேயே விட்டுவிட்டு நீடிலையும் ஸ்குரூவையும் மட்டும் சரிபண்ணிக் கொடுக்கிறேன். மேலேயே ஓடுகிறவர்களுக்கு மெயினை இறக்குகிறேன். கழற்றிய பழைய ஜெட்டை பாமசி மருந்துக் கவரில் போட்டு, எண்ணை எழுதி, சீட்டுக்கடியில் டூல் பையோடு கட்டிவிடுகிறேன். கீழே போகிற அன்று அது மறுபடி உள்ளே போக வேண்டும், நன்றாக ஆறின எஞ்சினில் பத்து நிமிட வேலை. உங்கள் வண்டியில் அந்தக் கவர் இல்லையென்றால், கடைசியாக ஜெட் மாற்றின மெக்கானிக்கிடம் என்ன எண் போட்டார் என்று நாளைக்கே கேட்டு வையுங்கள். நன்றி, வணக்கம்.