வீட்டைக் கட்டிப்பார்
(ரிச்மண்ட் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)

பேரன்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே, விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிய சமையற்குழுச் சகோதர சகோதரிகளே, கும்மியடித்துக் களைத்திருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய மருத்துவர் ஐயாவுக்கும், பொன்னாடை போர்த்திய பொருளாளர் அம்மாவுக்கும் என் நன்றி.

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பார்கள். நம் வர்ஜீனியாவின் சர்ரி மாவட்டத்தில், வயல்களுக்கு நடுவே, 1665இல் ஆர்தர் ஆலன் ஒரு செங்கல் வீட்டைக் கட்டிப்பார்த்தார். அதன் கட்டுமானத்தையும் அது கண்ட கலகத்தையும் சொல்கிறேன். இரு பக்கமும் மும்மூன்றாகப் புகைபோக்கிகள் நிற்கின்றன. 1676இல் வர்ஜீனியாவின் ஆளுநர் பெர்க்லியை எதிர்த்து நத்தானியேல் பேக்கன் என்ற பண்ணையார் கலகம் செய்தபோது அவருடைய ஆட்கள் இந்த வீட்டைப் பிடித்துச் சில மாதங்கள் வைத்திருந்தார்கள். பேக்கன் அங்கே வாழ்ந்தவர் அல்லர்; ஆனாலும் ‘பேக்கன் கோட்டை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

போன கோடையில் ஊரிலிருந்து வந்த அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். ஜேம்ஸ்டவுன் பக்கம் காரோடு படகில் ஏறி ஆற்றைக் கடந்தோம். படகுக்குக் கட்டணமில்லை என்று எத்தனை முறை சொல்லியும் அம்மா நம்பவில்லை. கரை ஏறும்வரை சுருக்குப்பையைக் கையிலேயே பிடித்திருந்தார். மாளிகையை அண்ணாந்து பார்த்து, “நல்ல வீடு” என்றார். அவ்வளவுதான். பிறகு, தள்ளி நின்ற ஒரு மரக்குடிலை நோக்கித் தாமாகவே நடந்தார். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்காக 1829இல் எழுப்பிய குடில் அது. கதவு நிலையைத் தடவியபடி வெகுநேரம் நின்றார். என் தாத்தா தஞ்சைப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கூலியாள். “பண்ணை வீட்டுக்கும் எங்கள் குடிசைக்கும் இதே தூரந்தான். கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே” என்றார் அம்மா.

வீட்டைக் கட்டிப்பார் என்கிறோம். அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவர்களையும் விறகு பிளந்தவர்களையும் யார் பார்த்தார்கள்? சங்கத்தாரிடம் மூன்றாண்டுகளாக நான் கேட்பது இதுதான்: நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை இந்த வசந்தத்திலாவது அங்கே அழைத்துப் போவோம். முதலில் குடில், அப்புறம் மாளிகை. பேக்கனின் பெயரை மனப்பாடம் செய்யும் முன், அந்தக் குடிலின் கதவு நிலையை ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.

வாசல் மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பெற்றோர் கையெழுத்திடுங்கள், காரில் இடமுள்ளவர்கள் எத்தனை பிள்ளைகளை ஏற்றலாம் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். வணக்கம்.