வெள்ளைக் கல்லைப் படம் பார்த்துச் சொல்ல முடியாது

வணக்கம். நீங்கள் அனுப்பும் படங்களில் அதிகம் வருவது வெள்ளைக் கல்தான். "இது என்ன கல்?" என்று கேட்கிறீர்கள். படத்தை மட்டும் பார்த்து நான் பெயர் சொல்வதில்லை. காரணம், இதோ மேசையில் இருக்கும் இந்த மூன்று கற்கள். கேமராவில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். இடது பக்கம் குவார்ட்ஸ். ஊர்ப்புறத்தில் வெங்கச்சங்கல் என்பார்களே, அதுதான். நடுவில் கால்சைட், சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் கனிமம். வலது பக்கம் சேலத்து மேக்னசைட்.

முதலில் கீறிப் பார்ப்போம். 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் பத்துக் கனிமங்களைக் கடினத்தின்படி வரிசைப்படுத்தினார். டால்க் 1, வைரம் 10. அந்த வரிசையில் நம் நகம் ஏறத்தாழ 2.5, எஃகுக் கத்தி ஏறத்தாழ 5.5, குவார்ட்ஸ் 7. கத்தியால் குவார்ட்ஸைக் கீறுகிறேன், பாருங்கள். சாம்பல் நிறக் கோடு தெரிகிறது அல்லவா? அது கீறல் அல்ல, கத்தியிலிருந்து தேய்ந்து ஒட்டிய உலோகம். நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படாது.

கால்சைட்டின் கடினம் 3. கத்தி எளிதாக இறங்குகிறது. உடைந்த முகத்தையும் கவனியுங்கள்: சரிந்த பெட்டிபோல, தட்டையான பக்கங்களோடு பிளந்திருக்கிறது. குவார்ட்ஸ் இப்படிப் பிளக்காது; வளைந்த வழவழப்பான முகங்களோடு உடையும்.

மேக்னசைட்டையும் கத்தி கீறிவிடும். அதன் கடினம் 3.5 முதல் 4.5 வரை. கால்சைட்டிலிருந்து இதைப் பிரிக்க எலுமிச்சைச் சாறு போதும். இரண்டிலும் கொஞ்சம் பொடி சுரண்டி, மேலே சாற்றை விடுகிறேன். கால்சைட் பொடியில் நுரை எழுகிறது. மேக்னசைட் பொடி அப்படியே கிடக்கிறது. கழிப்பறை கழுவும் ஆசிட்டை எடுத்து யாரும் சோதிக்க வேண்டாம். கண்ணும் நுரையீரலும் கெடும்.

இனி இந்தச் சேலத்துக் கல் பிறந்த விதம். இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. சேலத்துக்கு அருகே டூனைட் என்ற கரும்பச்சைப் பாறை இருக்கிறது. அது பெரும்பாலும் ஆலிவின் என்ற கனிமத்தால் ஆனது. ஆலிவினில் மக்னீசியம் மிகுதி. பூமியின் ஆழத்து வெப்பத்தில் உருவான ஆலிவின், மேற்பரப்புச் சூழலில் நிலைத்து நிற்காது. கார்பன் டைஆக்சைடு கரைந்த நீர் பாறையின் விரிசல்களில் புகுந்தபோது, ஆலிவினின் மக்னீசியம் அதோடு சேர்ந்து மக்னீசியம் கார்பனேட் ஆனது. அதுதான் மேக்னசைட். கரும்பாறை முழுவதும் வெள்ளை நரம்புகள் ஓடுவது இதனால்தான். அங்கே ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் என்று பெயர்.

ஆலிவினில் சிலிக்காவும் உண்டு; குவார்ட்ஸ் என்பதே சிலிக்காதான். மக்னீசியம் பிரிந்த பிறகு அது எங்கே போகும்? அதே விரிசல்களில் கால்சிடனியாக (கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்களாலான குவார்ட்ஸ்), குவார்ட்ஸாகப் படிந்துவிடும். ஆகவே சேலத்துத் துண்டு ஒன்றில் ஓரிடத்தில் கத்தி இறங்கும், விரலளவு தள்ளி இறங்காது. ஒரே கீறலோடு முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். நான்கைந்து இடங்களில் கீறுங்கள். மேக்னசைட்டிலிருந்து உலைச் செங்கல் செய்பவர்களுக்கும் இந்தச் சிலிக்கா பெரும் தொல்லை. மேக்னசைட்டைச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியம் ஆக்சைடு உருக 2800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். சிலிக்கா கூடினால் அந்த வெப்பம் தாங்கும் திறன் குறைந்துவிடும்.

மற்ற இரண்டின் கதை சுருக்கமானது. வெங்கச்சங்கல் நரம்புகள், சிலிக்கா கரைந்த வெந்நீர் பாறைப் பிளவுகளில் ஆறியபோது படிந்தவை. சுண்ணாம்பு கரைந்த நீர் தன்னிடமுள்ள கார்பன் டைஆக்சைடை இழக்கும்போது கால்சைட் படியும்; குகைகளில் தொங்கும் சுண்ணாம்புத் தூண்கள் அப்படி வளர்ந்தவைதான்.

அடுத்த முறை படம் அனுப்பும்போது கூடவே இவற்றையும் எழுதுங்கள்: கத்தி இறங்கியதா, எத்தனை இடங்களில், உடைந்த முகம் எப்படி இருக்கிறது, சாறு பட்டு நுரைத்ததா, கல் கிடந்த இடத்தில் சுற்றிலும் என்ன பாறை. சுற்றியுள்ள பாறையையும் ஒரு படம் எடுத்து அனுப்பினால் பெரிய உதவி.