புரியாத படத்துக்கும் பொதுத் தொலைக்காட்சியில் இடம் உண்டு

நடுவர் ஐயாவுக்கும், இந்தக் குளிரிலும் பந்தலை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கும் தருமபுரி மக்களுக்கும் வணக்கம்.

அரசுத் தொலைக்காட்சியில் சோதனைக் காணொளிக் கலை, அதாவது வழக்கமான கதை வசனத்தை விட்டுப் புதிதாக எதையாவது முயன்று பார்க்கும் படம், தேவையா, மக்கள் பணத்துக்குக் கேடா என்பது தலைப்பு. கேடுதான் என்று பேசிவிட்டுப் போனார் எதிரணி அண்ணன். "அந்தக் காலத்துத் தூர்தர்ஷனில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அட்டை போட்டார்களே, அதுதான் சோதனைக் கலை" என்றார். நானும்தான் கை தட்டினேன். ஆனால் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "இதெல்லாம் பட்டணத்தில் படித்தவனுக்கு, பென்னாகரத்துக்காரனுக்கு என்ன புரியும்?" அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

1969 ஏப்ரலில் மேற்கு பெர்லின் பொதுத் தொலைக்காட்சியில் கெர்ரி ஷூம் என்பவர் 'லேண்ட் ஆர்ட்', அதாவது நிலக்கலை, என்று ஒரு நிகழ்ச்சி கொடுத்தார். அதில் யான் டிபெட்ஸ் என்ற டச்சுக் கலைஞரின் படம் ஒன்று. கடற்கரை மணலில் இயந்திரத்தை ஓட்டிப் பெரிய கோடுகள் போடுகிறார்கள். தரையில் அது ஒரு பக்கம் அகன்ற சரிவகம். கேமராவில் பார்த்தால் டிவி பெட்டியின் திரை மாதிரி நேர்க்கட்டம். அப்புறம் அலை ஏறி வந்து அதை அழிக்கிறது. அவ்வளவுதான் படம். விளக்கம் சொல்ல ஆள் கிடையாது, வேண்டாம் என்பதில் ஷூம் பிடிவாதமாக இருந்தார்.

இதைப் போய் யார் பார்ப்பான் என்கிறீர்கள். நம்ம பக்கம் பாரதக் கூத்து முடிகிற அன்று திடலில் துரியோதனனை மண்ணால் படுக்க வைக்கிறோமே, அது என்ன? ஆள் நீளத்துக்குப் பல மடங்கு உடம்பு, வண்ணம் பூசிய முகம், முறுக்கு மீசை. பீமன் வேஷக்காரர் தொடையில் அடிக்கிறார், பாஞ்சாலி கூந்தலை முடிகிறாள். பாடுபட்டுப் பிசைந்த உருவம் மிதிபட்டு வெறும் மண்ணாகிறது. அந்த மண்ணை மடியில் முடிந்துகொண்டு போகிறார்கள். அழிவதற்கென்றே செய்யும் கலையை டிபெட்ஸ் வந்தா நமக்குச் சொல்லித்தர வேண்டும்?

"நமக்குக் கதை தெரியும், அதனால் புரிகிறது" என்று அண்ணன் மறுப்பார். சரி. கதை தெரியாத சின்னப் பிள்ளை எதற்கு அப்பன் தோளை விட்டு இறங்காமல் வாய் பிளந்து பார்க்கிறது?

அரசுப் பணம் என்றீர்கள். 1967-இல் ஓவியர் எம்.எஃப். ஹுசேன் எடுத்த குறும்படத்துக்குப் பணம் போட்டது மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன். ராஜஸ்தான் தெருக்கள், ஒரு குடை, ஒரு செருப்பு, ஒரு லாந்தர். வசனமே இல்லை. அதற்கு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது கொடுத்தார்கள். தனியார் சேனல் இதற்கு முன்வருமா? வராது, குறை சொல்லவும் மாட்டேன், அவர்களுக்கு விளம்பரம் வேண்டும். டிஆர்பிக்குக் கட்டுப்படாத ஒரே பெட்டி பொதுத் தொலைக்காட்சிதான். அதுவும் சீரியலுக்குப் பின்னால் ஓடினால் அப்புறம் எதற்கு வரிப்பணம்?

சோதனைக் கலையில் பாதி சகிக்காது, ஒப்புக்கொள்கிறேன். நானே எழுந்து போயிருக்கிறேன். அதற்காகப் பிரைம் டைமை யார் கேட்டது? முன்பு பொதிகையாக இருந்த டிடி தமிழில், இரவுச் செய்தி முடிந்ததும் கால் மணி நேரம் போதும். துரியோதனனை மண்ணால் படுக்க வைக்கும் அந்தப் படுகளத்தில் கேமராவை விடியற்காலையிலேயே நிறுத்துங்கள், மண் மிதிபடும் வரை ஓடட்டும். பின்னணியில் யாரும் பேச வேண்டாம். பென்னாகரத்துக்காரன் சேனலை மாற்றுகிறானா என்று அண்ணனும் நானும் சேர்ந்தே உட்கார்ந்து பார்ப்போம். நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். வணக்கம்.